நேர்த்தெருவில் ஒரு முட்டுக்கட்டை

தேருக்கு இரண்டு விதக் கட்டைகள் உண்டு. முட்டுக்கட்டை சக்கரத்தை அப்படியே நிறுத்தும். சறுக்குக்கட்டை நிறுத்தாது, வேகத்தைத் தணித்து, தேரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். தேருக்குக் கட்டை போடும் மாசிலாமணி, கல்யாணமான புதிதில் உளுந்து வடையை உருட்டி, தேங்காய்ச் சில்லை அடியில் அண்டக் கொடுத்துத் தைலம்மாவுக்கு இதை விளக்கியிருந்தார்.

இடுப்பு எலும்பு முறிந்து அவள் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, அதன் பிரேக்கை அவர் நம்பவே இல்லை. வெளியே கிளம்பும் முன் இரண்டு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் போவார்.

"நான் என்ன தேரா? ஓடியா போயிடப்போறேன்?" என்று அவள் வைவாள்.

தேரோட்டத்தன்றும் அவளை வாசலில் உட்காரவைத்து, கட்டை கொடுத்துவிட்டுப் போனார். மூலையில் சறுக்குக்கட்டை தேய்கிற சத்தம் கேட்டது. தேர் திரும்பிவிட்டது. இனி நேர்த்தெரு, எந்தக் கட்டைக்கும் வேலையில்லை. கண்மூடித் திறப்பதற்குள் அவர்கள் வீட்டைக் கடந்துவிடும்.

இந்த வருஷம் வாசலுக்கு நேரே வந்ததும் கிறீச்சிட்டு நின்றது.

"யாருய்யா இங்க முட்டுப் போட்டது?" என்று தேர்மேலிருந்து குருக்கள் கத்தினார்.

"வடம் தொய்ஞ்சிருக்கு சாமி," என்றார் மாசிலாமணி, வடத்தைத் திரும்பியும் பாராமல். அது விறைப்பாகத்தான் இருந்தது.

தெருவே அண்ணாந்து சாமியைக் கும்பிட்டது. தைலம்மா மட்டும் தேர்ச் சக்கரத்தடியில் கட்டையைப் பிடித்திருந்த அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு. மொதல்ல கைய எடுங்க."