ஏசாத அப்பா

யார் எண்ணிலிருந்தும், யார் குரலில் வேண்டுமானாலும் யாரும் போனில் பேசலாம் என்று ஆனபிறகு, ஊரில் வீட்டுக்கொரு ரகசியச் சொல் வைத்துக்கொண்டார்கள். வடிவுக்கு அது தேவைப்படவில்லை. டவுனில் தனியாக இருக்கும் அப்பா பேச்சிமுத்து, அவள் போனை எடுத்ததுமே ஏச ஆரம்பித்துவிடுவார்.

"ஏட்டி மூதேவி, போனை எடுக்க இவ்வளவு நேரமா?"

களவாணிக் குரல்கள்தான் கொஞ்சிக்கொண்டு வரும். "எவனாவது என் குரல்ல பாசமா பேசினா உடனே வச்சிரு" என்று அவரே சொல்லியிருந்தார்.

அன்று மத்தியானம் அவர் எண்ணிலிருந்து அழைப்பு.

"அம்மாடி... சாப்பிட்டியா?"

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அப்பா இப்படிக் கேக்கவே மாட்டாவ. வேற ஆளைப் பாருங்க."

"அப்பாதாம்மா. ஆஸ்பத்திரில கிடக்கேன். உன்னைப் பாக்கணும் போல..."

வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தது. அவள் எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி ஆள் என்று ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அடையாள அட்டையைக் காட்டினார், கெஞ்சினார். அவள் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. "அப்பா இதைக் காட்டச் சொன்னார்" என்று ஜன்னலில் எதையோ வைத்துவிட்டுப் போனார்.

அப்பாவின் மூக்குக்கண்ணாடி. அதன் ஒடிந்த காலில், அவளே சுற்றிக்கொடுத்த சிவப்பு நூல்.

அவர் எண்ணுக்கு அடித்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் எடுத்தார்கள்.

"அப்பா, ஏசுங்கப்பா. ஒரு வார்த்தை ஏசுங்க."

மறுமுனையில் ஒரு பெண் குரல், மிகவும் பாசமாக, "நீங்க அவர் மகளாம்மா?" என்று கேட்டது.