பதனீர் குடித்த பிளஷர்

முள்ளக்காட்டு உப்பளங்களுக்கு நடுவே அந்தப் பழைய பிளஷர் கார் மூக்கால் ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

இரண்டு பானைப் பதனீரைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்து தூத்துக்குடிக்கு நடந்துகொண்டிருந்தார் பிச்சையா. விடியுமுன்னே பனை ஏறி இறங்கிய கால் கடுத்தது. நின்று பார்த்தார்.

காருக்குள் வெள்ளை முக்காட்டோடு கல்யாணப் பெண் அல்போன்சா. வெளியே அவள் அப்பா ரோச், கோட்டு வேர்வையில் ஒட்ட, தரையில் கால் பாவாமல் குதித்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்த டிரைவர் ஆவிக்குள் தலையை விட்டிருந்தான்.

"தண்ணி இறைக்குத பம்பு ஒழுகுது. உள்ள சொட்டுத் தண்ணி இல்ல" என்றான்.

"நாளைக்கு விபூதிப் புதன், தவசு காலம் தொடங்கிரும் வேய்! இன்னைக்குப் பூசை தப்புனா ஈஸ்டர் கழியாம தாலி கட்ட ஏலாது. வெள்ளிக்கிழம கொழும்புக் கப்பல் போயிரும். பொறவு ரெண்டு வருசம் நான் இவள வீட்டுல வச்சிப் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்று அலறினார் ரோச்.

மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை போலிருக்கிறது என்று பிச்சையா விளங்கிக்கொண்டார்.

ரோச் உப்புப் பாத்தியில் செம்பை முக்கிக்கொண்டு ஓடி வந்தார். டிரைவர் அவர் கையைப் பிடித்துவிட்டான்.

"உப்புத் தண்ணி இஞ்சின அரிச்சிரும்."

"அப்ப எங் கண்ணீர ஊத்தும்!"

"அதுவும் உப்புத்தாம்ப்பா" என்றாள் அல்போன்சா உள்ளேயிருந்து.

சொன்னவள் டிரைவரைப் பார்த்து முக்காட்டுக்குள் சிரித்தாள்.

பிச்சையாவுக்குத் திக்கென்றது. தாலி ஏறப்போகிற நாளில் இது என்ன சிரிப்பு?

பாவம், அந்தப் பயல் நாக்கு வறண்டு நின்றான். பானையை இறக்கி, ஓலைப்பட்டையில் பதனீர் ஊற்றி நீட்டினார்.

டிரைவர் தலையை ஆட்டினான். "வேண்டாம் அண்ணாச்சி. பூசையில சாமியாரு கையால நன்மை அப்பம் வாங்குத வரைக்கும் பல்லுல பச்சத் தண்ணி படப்படாது."

யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ டிரைவருமா பட்டினி கிடப்பான்? வேதக்காரர்கள் சட்டம் பொல்லாததுதான்.

டிரைவரின் கண் பானையிலேயே நின்றது. பிறகு காரைப் பார்த்தான். பிறகு ரோச்சைப் பார்த்தான்.

"ஊத்தும் வேய்!" என்று கத்தினார் ரோச். "வண்டி என்ன நன்மையா வாங்கப் போவுது?"

சூடு கொஞ்சம் இறங்கட்டும் என்று டிரைவர் பொறுத்தான். ரோச்சால்தான் பொறுக்க முடியவில்லை. அல்போன்சா கைக்குட்டையை நீட்டினாள். அதில் வடிகட்டி, ஈயும் துரும்பும் நீக்கி, ஒரு பானைப் பதனீரையும் ரேடியேட்டருக்குள் ஊற்றினார்கள்.

கார் ஒருமுறை ஏப்பம் விட்டது. பிறகு உறுமியது.

மறு பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிச்சையா படிப்பலகையில் தொற்றினார். பிறந்ததிலிருந்து மோட்டாரில் ஏறியதில்லை. காற்று தலைப்பாகையைப் பறித்துக்கொண்டு போனது. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கொதி வரும்போதெல்லாம் வண்டி நின்றது. டிரைவர் துணி சுற்றி மூடியைத் திறந்தான், பிச்சையா ஊற்றினார். நுரை பொங்கி இருவர் கையிலும் வழிந்தது. போகப்போகப் பாகு பதத்துக்கு வந்து, வண்டி கருப்பட்டியாய் மணத்தது.

நிற்கும்போதெல்லாம் ரோச் ஏசினார். பிச்சையாவுக்குப் பொறுக்கவில்லை.

"டிரைவரு தம்பிய ஏசாதீரும் அண்ணாச்சி. வண்டி கெட்டதுக்கு அவரு என்ன செய்வாரு? கூலிக்கு ஓட்டுத மனுசன்."

ரோச் வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். பின்னால் அல்போன்சாவின் தோள் குலுங்கியது. டிரைவர் ரோட்டை மட்டும் பார்த்தான். அவன் காது சிவந்திருந்தது.

மாதா கோவில் வாசலில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

வண்டி நின்றதும் நிற்காததுமாக டிரைவர் குதித்துக் கோவிலின் பக்கவாசலுக்குள் ஓடிப்போனான். பெண்ணுக்குக் கதவுகூடத் திறந்துவிடவில்லை. ஏச்சுக்குப் பயந்து ஒளிந்துகொண்டான் என்று பிச்சையா நினைத்தார்.

ரோச் மகளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனார். வாசலில் நின்ற பெண்கள் யார் வீட்டில் பாகு காய்ச்சுகிறார்கள் என்று மோந்து பார்த்தார்கள்.

ரேடியேட்டர் மறுபடியும் பொங்கி, தேராய் நுரை தள்ளியது. பானையில் சொட்டு இல்லை. பிச்சையா பதறிக் கோவில் வாசலுக்கு ஓடி, ஓரத்தில் நின்ற அம்மாளைக் கேட்டார்.

"தாயி, இந்த வண்டி டிரைவரு எங்க?"

"டிரைவருக்குத்தான் விடியக்காலமே காய்ச்சலு, வரலியே" என்றாள் அவள், கண்ணைப் பீடத்திலிருந்து எடுக்காமல்.

பிச்சையாவும் அங்கே பார்த்தார்.

காக்கிச் சட்டையைக் காணவில்லை. உள்ளே போட்டிருந்த பட்டுச் சட்டை கசங்கியிருந்தது. தாலியை மூன்று முடிச்சும் போட்டாயிற்று. ஆனாலும் அவன் கை அல்போன்சாவின் கழுத்தைவிட்டு வரவில்லை. கயிறு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

சாமியார் காத்திருந்தார். அல்போன்சா குனிந்தபடி சிரித்தாள்.

பிச்சையா தம் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். அவையும் ஒட்டின.