நக்கிப் பார்த்த கார்

சிவப்பு எம்.ஜி. காரைப் பார்த்ததும் அருள்மொழிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐம்பத்து நாலாம் வருடத்துச் சீமை வண்டி. கிளியனூர் மெக்கானிக் சிவப்பிரகாசம் ஆறு வருஷம் பாடுபட்டுப் புதுசாக்கி விலைக்கு வைத்திருந்தார். அப்பா ஆதிமூலம் சரியென்றால்தான் வாங்க முடியும். அதனால் உப்பளத்தில் நின்றவரை பைக்கில் ஏற்றி வந்துவிட்டான்.

ஆதிமூலம் குனிந்து, கதவுக்கு அடியில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார்.

"உப்பு! சுனாமியில முங்கின வண்டிய எங்க தலையில கட்டப் பாக்குறியா?"

"ஐயோ, அன்னிக்கு இந்த ஷெட்லதாங்க நின்னுது!"

"நாப்பது வருஷமா உப்பு வார்றேன்யா. என் நாக்கு பொய் சொல்லாது. டேய், கிளம்புடா!"

அருள்மொழிக்கு அழுகையே வந்துவிட்டது.

சிவப்பிரகாசம் அதே இடத்தில் தன் விரலைத் தேய்த்து நக்கினார். "எனக்கு கிரீஸ்தாங்க தெரியுது. வண்டியத் தொடாத உங்க இடது கைய நக்கிப் பாருங்க."

முறைத்துக்கொண்டே ஆதிமூலம் இடது கட்டைவிரலை வாயில் வைத்தார். அதுவும் கரித்தது.

"ஏன்டா, மனுஷனக் கை கழுவக்கூட விடாமயா இழுத்துக்கிட்டு வருவ?" என்று மகன்மேல் பாய்ந்தபடியே, கதவைத் திறந்து காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.