தளபதியின் இடது கால்

லண்டனில் அந்தப் பழைய இசைநாடகக் கம்பெனியை நேற்றோடு மூடிவிட்டார்கள். உடைகளுக்குப் பொறுப்பான மியூரியல், ஏலத்துக்காகப் பெட்டிகளைக் காலி செய்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடம் கடற்படைத் தளபதியாக நடித்த ரெஜினால்ட், முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆபரேஷன் என்னிக்கு?"

"வியாழக்கிழமை. தினமும் மேடையில நொண்டினா வேற என்ன ஆகும்?"

"ஒரு நாளாவது நேரா நடந்திருக்கலாமே?"

"நடந்தேனே! மேனேஜர் கிழி கிழின்னு கிழிச்சுட்டார். நாடகம் அரங்கேறின அன்னிக்கு முதல் தளபதியா நடிச்சவர் செஞ்சது எல்லாம் கம்பெனி நோட்டுல எழுதியிருக்காம். அதுல ஒரு அடிகூட மாறக் கூடாதாம்."

அடிப்பெட்டியில் அந்த முதல் தளபதியின் பூட்ஸ் கிடந்தது. உள்ளே ஒரு சீட்டு. மியூரியல் வாசித்தாள்.

"இடது பூட்ஸில் ஆணி குத்துகிறது. இன்று அரங்கேற்றம் முழுக்க நொண்டினேன். நாளைக்குள் பிடுங்கிவிடவும்."

உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். "ஆணி இல்ல. அன்னிக்கே பிடுங்கிட்டாங்க போல."

போன் அடித்தது. எடுத்த மியூரியல், ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"லீட்ஸ்ல ஒரு நாடக மன்றம் நம்ம நாடகத்தைப் போடுறாங்களாம். அந்த நொண்டி நடையை நீங்கதான் கத்துக்கொடுக்கணுமாம்."

"வர்றேன்னு சொல்லு," என்றார் ரெஜினால்ட். "ஆணியும் வேணுமான்னு கேட்டுக்கோ."