நடுத்துண்டு

"வெட்டு நாஸியா. பாத்துக்கினே நின்னா ஆவாது" என்றாள் ஜானகி.

"மனசு வரலக்கா."

"கழுத்துலேர்ந்தே ஆரம்பி."

நாஸியா பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரியை ஓட்டினாள். நீலக் கட்டம் போட்ட சட்டை கழுத்திலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்தது.

மேற்கு மாம்பலத்தில் ஒரு குறுகலான சந்தில் நாஸியாவின் தையல் கடை. பழைய உடுப்புகளைத் துண்டு துண்டாக வெட்டி இணைத்து அவள் தைக்கும் போர்வைகளுக்காக அடையாறிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் குழந்தைகள் வளர்ந்து விட்டுப்போன கவுன், சட்டைதான் வரும். இருபத்து மூன்று வயதில் செத்துப்போன பெண்ணின் துணிகளை வெட்டுவது இதுதான் முதல் தடவை.

ஜானகியின் மகள் நிலா, நந்தனம் பக்கம் ஹவுசிங் போர்டு மொட்டை மாடியிலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. துணி காயப்போடும்போது கால் வழுக்கிவிட்டது என்றான் அவள் புருஷன் சேட்டு. அந்த நேரத்தில் தரமணிக்கு ஆட்டோ சவாரி போயிருந்தேன் என்றும் சொன்னான். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது.

ஜானகி கொண்டுவந்த மூட்டையில் நிலாவின் கல்யாணப் புடவையும் ஒன்பது சுடிதாரும் இருந்தன. மூன்று சுடிதாரில் தோள்பட்டை கிழிந்து கையால் தைக்கப்பட்டிருந்தது. நாஸியா அந்தக் கிழிசல்களை ஒதுக்கி வெட்டினாள். பத்து நாளில் எல்லாவற்றையும் இணைத்துவிட்டாள். நடுவில் ஒரு சதுரம்தான் பாக்கி.

"இப்ப வெட்டுனது யார் சட்டைக்கா?"

"மாப்ளயோடது. தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்தது. நடுவுல வெச்சித் தை. போர்வையே அவனுக்குத்தான்."

இவ்வளவு பெரிய மனசா என்று நாஸியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு துண்டை மடித்து ஊசிக்கடியில் வைத்தாள். மற்ற துணிகளெல்லாம் துவைத்துத் துவைத்து மெலிந்து கிடக்க, இது மட்டும் விறைப்பாக எழும்பிக்கொண்டே இருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, அழுத்தி அழுத்தித்தான் தைக்க முடிந்தது.

அவள் நூலை அறுத்த நேரம் சேட்டு உள்ளே வந்தான். காக்கிச் சட்டையில் வியர்வை.

"இன்னா அத்த, போன் மேல போன் போடற? சவாரிய வுட்டுட்டு ஓடியாரேன்."

"நிலா துணியில போர்வை தெச்சிருக்கேன் நைனா. பிரிச்சிப் பாரு."

சேட்டு பிரித்தான். கல்யாணப் புடவையின் ஜரிகையைத் தடவிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அடுத்த மடிப்பு விரிந்தது. நடுத்துண்டு தெரிந்தது.

அவன் போர்வையை விட்டுவிட்டு ஓரடி பின்வாங்கினான்.

"இது... இது எப்டி உங்கிட்ட?"

"ஏன்டா பின்னால போற?" ஜானகி எழுந்து நின்றாள். "நிலா செத்த அன்னிக்கி காலைல இந்தச் சட்டையிலதானே என் ஊட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டுப் போன? சாயங்காலம் ஆஸ்பத்திரியில வேற சட்டை போட்டுக்கினு நின்ன. ஏன்டா மாத்தன?"

சேட்டு மேசையிலிருந்த கத்தரியைப் பிடுங்கிப் போர்வையின் நடுவில் குத்திக் கிழித்தான். ஜானகி போர்வையின் மேல் விழுந்து அதை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அடுத்த குத்து அவள் தோளில் இறங்கியது. அவள் விடவில்லை. கூந்தலைக் கொத்தாகப் பிடித்து அவள் நெற்றியைத் தையல் மிஷினின் இரும்பு விளிம்பில் மோதினான். மறுபடியும் மோதினான். மஞ்சள் சுடிதார்த் துண்டின் மேல் ரத்தம் கொட்டியது.

"எவன் எடுத்துக் குடுத்தான்? சொல்லு!"

"எத்தடா?"

"சட்டைய! கல்லக் கட்டி சைதாப்பேட்ட பாலத்துலேர்ந்து ஆத்துல போட்டேன்! அவ ரத்தத்தோட முழுவிப் போச்சி! எவன் எடுத்தான்?"

அதுவரை மரத்துப்போய் நின்ற நாஸியா, கையில் கிடைத்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவன் முன்கையில் வைத்து அழுத்தினாள். தோல் கருகும் வாடை அடித்தது. கத்தரி கீழே விழுந்தது. அலறல் கேட்டு, பக்கத்து மாவு மில்லிலிருந்து லாரன்ஸும் இன்னும் நாலு பேரும் ஓடி வந்தார்கள். அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி உட்கார்ந்தார்கள். ஒருத்தர் அவன் வாயிலேயே குத்தினார். உதடு கிழிந்தும் அவன் நிறுத்தவில்லை.

"ஆத்துல போட்டத எவன்டா எடுத்தான்?" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்திக்கொண்டே இருந்தான்.

பெண் இன்ஸ்பெக்டர் வந்து அவனை ஜீப்பில் ஏற்றினார். கடையில் இருந்த ஒவ்வொருவரிடமும் அவன் கத்தியதைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஜானகியின் பிடியில் இன்னும் போர்வை இருந்தது.

"என்னம்மா நீங்க? இவ்ளோ முக்கியமான சட்டைய நேரா எங்ககிட்ட கொண்டு வந்திருக்க வேணாமா? வெட்டித் தெச்சு வெச்சிருக்கீங்க!" என்றார் இன்ஸ்பெக்டர். "சரி, ஆத்துல எந்த எடத்துல கெடச்சுது?"

ஜானகி கண்ணில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ரங்கநாதன் தெருவுல மேடம். போன வாரம் அதே மாதிரி புதுசா எடுத்தேன்."