உள்ஃபோல்டர்

"மேல் ஃபோல்டர்ல நின்னு ஓட்டினா பில்டு ஓடுது. உள்ஃபோல்டர்ல நின்னு ஓட்டினா செத்துப்போகுது. ஏன்? இதான் கடைசிக் கேள்வி" என்றார் மேனேஜர், நேர்காணலுக்கு வந்திருந்த அவள் பக்கம் தன் லேப்டாப்பைப் பாதி திருப்பி.

முந்தைய பதில்களுக்கு அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். 'கிட் இல்லை' என்று சிவப்பெழுத்தில் புலம்பியிருந்தது, புரோகிராமை ஒன்றுசேர்த்துக் கட்டித்தரும் அந்த பில்டு.

வேலை போனதிலிருந்து அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். "இன்னைக்காவது நல்ல சேதி வருமா?" என்று அத்தான் காலையில் கேட்டது அவளிடம் அல்ல, சுவரிடம்.

"கிட் இருக்கு சார். இது தேடுற இடம்தான் தப்பு."

"விளக்கமா சொல்லுங்க."

"வீட்டு நம்பர் வாசல்லதான் இருக்கும். சமையல்கட்டுல நின்னுக்கிட்டு நம்பரைக் காணோம்னா எப்படி? யார் எதை எப்ப மாத்தினாங்கன்னு கிட் பதிஞ்சு வச்சதெல்லாம் மேல் ஃபோல்டர்ல இருக்கு. பில்டு, தான் நிக்கிற ஃபோல்டரை மட்டும் பார்த்துட்டுக் கையை விரிக்குது."

மேனேஜர் முன்னால் சாய்ந்தார். "எப்படி மாத்துவீங்க?"

"மேல் ஃபோல்டர் எதுன்னு வாய்விட்டுக் கேட்டா, கிட் உடனே சொல்லிடும். பில்டு கேக்கணும், அவ்வளவுதான். ஒரே வரி."

"சொல்லுங்க, நானே அடிக்கிறேன்."

சொன்னாள். அடித்தார். உள்ஃபோல்டரிலிருந்தே ஓட்டினார். பச்சை வரிகள் மளமளவென்று இறங்கின.

"ஓடுது!" நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வேலை கேட்டு வந்தவள் பதில் சொன்னதற்கு இவ்வளவு பூரிப்பை அவள் எங்கும் கண்டதில்லை. "கெட்டிக்காரிம்மா நீங்க! வெளியே உக்காருங்க. முதலாளிகிட்ட பேசிட்டு வரேன்."

வரவேற்பறையிலிருந்து அக்காவை அழைத்தாள்.

"கிடைச்ச மாதிரிதான்க்கா."

"அப்பாடா! அத்தான்கிட்ட சொல்லட்டா?"

"சத்தமாவே சொல்லு. சுவத்துக்கும் கேக்கட்டும்."

அக்கா சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் கதவு திறந்தது. முதலாளியே வந்தார், முகமெல்லாம் மலர்ச்சியாக. அவள் எழுந்து நின்றாள்.

"வீணா அலைய வச்சுட்டோம், தப்பா நினைக்காதீங்கம்மா. உள்ஃபோல்டர்ல பில்டு ஓடாம வாரக்கணக்கா தவிச்சோம், அதுக்குத்தான் ஆள் தேடினோம். இப்பத்தான் எங்க மேனேஜரே உக்காந்து அதைச் சரிபண்ணிட்டாராம். இனி ஆள் தேவைப்படாது."