தெருவில் கிடந்த பிரேக்

"கொஞ்சம் உட்காருங்க. இந்த ப்ரோகிராம்ல தப்பு எங்க இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா?"

கோட்டு போட்ட மனிதர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். கம்பெனி வரவேற்பறைக்குள் நுழைந்து குடையைக்கூட மடித்து முடிக்கவில்லை, அதற்குள் இன்டர்வியூவா? குடையை நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

காலியாக இருந்ததோ ஒரே ஒரு வேலை. அதுவும் நழுவினால் அக்கா வீட்டு ஹாலிலேயே இன்னொரு வருடம் படுக்கை விரிக்க வேண்டும். அத்தான் செய்தி பார்த்து முடிக்கும்வரை தூக்கத்தையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

திரையைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விண்ணப்பித்தவர்களை எல்லாம் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருந்த அதே கார் ப்ரோகிராம்! சொந்தமாக எழுதினாளா, யாரிடமாவது சுட்டாளா என்று ஆழம் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. பார்க்கட்டுமே.

"வரியை உள்ள தள்ளி எழுதுறதுலதான் கோளாறு சார். பைத்தான் மொழியில அந்த இடைவெளிதான் வேலி," என்றாள். "கார்ங்கிற கிளாஸுக்குள்ள ஓடுற ஃபங்ஷன் இருக்கு. நிறுத்துற ஃபங்ஷன் இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டு வெளிய நிக்குது. இந்தக் காருக்கு ஓடத் தெரியும், நிக்கத் தெரியாது. பிரேக் தெருவுல கிடக்கு!"

கோட்டுக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி பண்ணிக் காட்டுங்க."

விடுவாளா? அந்த வரிகளை உள்ளே தள்ளி, பிரேக்கைக் காருக்குள் சேர்த்தாள். ஓடவிட்டாள். சிவப்பு எழுத்தில் மறுபடியும் வசவு விழுந்தது.

"ஐயோ, அப்படியேதான இருக்கு?" என்று பதறினார் கோட்டுக்காரர். மனிதர் என்னமாய் நடிக்கிறார் என்று அவள் வியந்துபோனாள்.

"ஒரு வரியில டேப் தட்டின இடைவெளி, அடுத்த வரியில ஸ்பேஸ் தட்டின இடைவெளி. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு சார். கம்ப்யூட்டர்கிட்ட அந்தப் பருப்பு வேகாது."

எல்லா வரிகளையும் ஒரே மாதிரி ஸ்பேஸ் தட்டி ஒழுங்குபடுத்தினாள். இந்த முறை கார் ஓடியது. நில் என்றதும் சமர்த்தாக நின்றது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மனசுக்குள் அக்கா வீட்டிலிருந்து பெட்டியைக்கூடக் கட்டிவிட்டாள்.

"அப்பாடா!" கோட்டுக்காரர் அவசரமாக அதைச் சேமித்து, மடிக்கணினியை மூடினார்.

அந்நேரம் உள்ளறைக் கதவு திறந்தது. "அடுத்தவர் வரலாம்," என்றது ஒரு குரல்.

அவள் துள்ளி எழுந்தாள். "அப்ப நான் இதுல பாஸா சார்? உள்ள போகட்டுமா?"

கோட்டுக்காரர் டையைச் சரிசெய்துகொண்டே எழுந்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"நானும் இன்டர்வியூவுக்குத்தாங்க வந்திருக்கேன்."